எம்பிமேத்: எத்தனை இலக்கம் உண்மை என்று கேட்க வைக்கும் நிரல் நூலகம்

வட்டத் தோலின் அதிர்வு போன்ற கணக்குகளில் வரும் பெசல் சார்பின் மதிப்பு வேண்டுமா, பைத்தான் என்ற நிரல் மொழியில் ஒரு வரி எழுதினால் எண் வந்துவிடும். பதினாறு இலக்கங்களோடு, பார்க்கவே நம்பிக்கை தரும் எண். அந்தப் பதினாறில் எத்தனை உண்மை என்று கேட்டால் பெரும்பாலான மென்பொருள்களிடம் பதில் கிடையாது. கல்லூரியில் முதுகலை இயற்பியல் மாணவர்களுக்குக் கணித இயற்பியல் பாடம் எடுக்கிறேன். அந்தக் கேள்வியைக் கேட்காமல் எந்த எண்ணையும் செய்முறைக் குறிப்பேட்டில் ஏற்றக் கூடாது என்பதில் நான் கறாராக இருப்பவள். கேட்பதற்கு வழி செய்து தருவது எம்பிமேத் என்ற இலவச நிரல் நூலகம். பல ஆண்டுகளாக இதைப் பயன்படுத்தி வருகிறேன். யாருக்கு ஏற்றது, எங்கே கைகொடுக்காது என்று விரிவாகவே எழுதுகிறேன்.

இதை எழுதத் தொடங்கியவர் ஃபிரெட்ரிக் யோஹான்சன், ஆண்டு 2007. முழுக்கப் பைத்தானிலேயே எழுதப்பட்டது என்பதால் கம்பைலர் எதுவும் வேண்டாம். எங்கள் ஆய்வகத்தின் மிகப் பழைய கணினியிலும் மறுபேச்சில்லாமல் ஓடுகிறது. குறியீட்டு இயற்கணிதம் செய்யும் சிம்பை இதன் மேல்தான் நிற்கிறது. செயற்கை நுண்ணறிவு நிரல்களுக்கான பைடார்ச் நிறுவினால் சிம்பை கூடவே வரும், சிம்பையோடு எம்பிமேத்தும் வரும். ஆகவே செயற்கை நுண்ணறிவு படிக்கும் பிள்ளைகள் பலருடைய மடிக்கணினியில் அவர்களுக்கே தெரியாமல் இது குடியிருக்கிறது.

இதன் அருமை புரிய வேண்டுமானால் முதலில் சிக்கல் புரிய வேண்டும். பல வகைக்கெழுச் சமன்பாடுகளுக்கு சைன், கொசைன், அடுக்குக்குறி ஆகியவற்றைக் கொண்டு தீர்வு எழுத முடியாது. தீர்வு இருக்கிறது, எழுதத்தான் வழியில்லை. அதனால் தீர்வுக்கே ஒரு பெயர் வைத்து, அதன் மதிப்புகளை அட்டவணையாக்கிக் கொண்டார்கள். பெசல், ஏரி, லெஜாந்தர், மாத்யூ என்று நாம் படிப்பவை எல்லாம் அப்படி வந்தவை. 1964இல் அப்ரமோவிட்சும் ஸ்டீகனும் பதிப்பித்த கையேடு 1046 பக்கம். அதன் பெரும்பகுதி அட்டவணைகள்தான். 2010இல் அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனம் அதன் வாரிசை இணையத்தில் வெளியிட்டபோது அட்டவணைகள் ஏறக்குறைய மறைந்துவிட்டன. இனி மதிப்பு சொல்வது மென்பொருளின் வேலை என்று ஆகிவிட்டது. அந்த வேலை எவ்வளவு வழுக்கலானது என்பதைச் சாதாரணக் கணிப்பானை வைத்தே காட்டலாம்.

பெசல் சார்புகளுக்குள் ஓர் எளிய உறவு உண்டு. ஒவ்வொரு பெசல் சார்புக்கும் 0, 1, 2 என ஒரு வரிசை எண் உண்டு. சார்புக்குள் கொடுக்கும் எண்ணான எக்ஸின் மதிப்பு 1 என்று கொள்வோம். ஒரு வரிசைக்கான மதிப்பை அந்த வரிசை எண்ணின் இரு மடங்கால் பெருக்கி, அதற்கு முந்தைய வரிசையின் மதிப்பைக் கழித்தால் அடுத்த வரிசையின் மதிப்பு கிடைக்கும். வரிசை 0க்கு 0.765198, வரிசை 1க்கு 0.440051. இரண்டும் ஆறு தசமத்துக்குச் சரியான எண்கள். இங்கிருந்து மேலே ஏறுங்கள். வரிசை 2க்கு 0.114904 வரும், நல்லது. வரிசை 3க்கு 0.019565. வரிசை 4க்கு 0.002486 வருகிறது, உண்மையான மதிப்பு 0.002477. வரிசை 5க்கு 0.000323, உண்மை 0.000250. வரிசை 6க்கு 0.000744 என்று வரும்போதே சந்தேகம் வர வேண்டும், ஏனென்றால் மதிப்புகள் குறைந்துகொண்டே போக வேண்டியவை. வரிசை 7க்கு 0.008605, உண்மையான மதிப்பு 0.0000015. சூத்திரத்தில் தவறில்லை, கூட்டல் கழித்தலில் தவறில்லை, தொடங்கிய எண்களிலும் தவறில்லை. ஆறாம் தசமத்துக்குப் பின் நாம் வெட்டிவிட்ட துணுக்கு ஒவ்வொரு படியிலும் பெருகி உண்மையான விடையை விழுங்கிவிட்டது.

அது ஏன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பெசல் சமன்பாடு இரண்டாம் வகைக்கெழு வரை போகும் சமன்பாடு. அதற்கு இரண்டு தீர்வுகள். ஒன்று வரிசை ஏற ஏறச் சுருங்கும், மற்றொன்று வீங்கும். எக்ஸ் 1 ஆக இருக்கும்போது பத்தாம் வரிசையில் முதலாவது தீர்வு 2.63 பெருக்கல் பத்தின் அடுக்கு கழித்தல் 10. இரண்டாவது தீர்வு, குறியை விட்டுவிட்டால், பன்னிரண்டு கோடியைத் தாண்டும். மேல்நோக்கி ஏறும் கணக்கில் இரண்டாவதன் சிறு கறை பட்டாலும் போதும், விடை பாழ்.

இதற்கு ஜே. சி. பி. மில்லர் கண்ட தீர்வை வகுப்பில் சொல்லும்போதெல்லாம் எனக்கு உற்சாகம் பிறக்கும். 1952இல் வெளியான பெசல் அட்டவணைத் தொகுதியில் அது இருக்கிறது. மேலே ஏறாதே, கீழே இறங்கு என்பதுதான் வழி. வரிசை 9க்கு 0 என்றும், வரிசை 8க்கு 1 என்றும் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் பொய்யான எண்கள், கவலை வேண்டாம். அதே உறவைக் கீழ்நோக்கிப் பயன்படுத்தினால் 16, 223, 2660, 26377, 208356, 1223759, 4686680, கடைசியாக வரிசை 0க்கு 8149601. எல்லாம் முழு எண்கள். மாணவர்கள் தாளில் பெருக்கியே எழுதிவிடுவார்கள். இரட்டைப்படை வரிசைகளின் மதிப்புகளை, வரிசை 0ஐ ஒரு முறையும் மற்றவற்றை இரண்டு முறையும் எடுத்துக் கூட்டினால் 1 வர வேண்டும் என்பது பெசல் சார்புகளின் இயல்பு. நம்முடைய எண்களுக்கு அந்தக் கூட்டுத்தொகை 10650321. இப்போது 8149601ஐ இதனால் வகுங்கள்: 0.7651977. 2660ஐ வகுங்கள்: 0.000249758. இரண்டும் காட்டிய இலக்கம் அத்தனையும் சரி. பொய்யான எண்களில் தொடங்கி உண்மையான விடையில் வந்து சேர்கிறோம், ஏனென்றால் கீழ்நோக்கிய பாதையில் தேய்ந்துபோவது அந்த வேண்டாத இரண்டாவது தீர்வு.

அடுக்குத் தொடரை நம்பினாலும் இதே கதை, வேறு உருவத்தில். வரிசை 0 பெசல் சார்பை எக்ஸ் 50 ஆகும் இடத்தில் தொடரைக் கூட்டிப் பெற முயல்வோம். தொடர் ஒருங்கும், அதாவது கூட்டக் கூட்ட ஒரே எண்ணை நெருங்கும்; புத்தகம் சொல்வது உண்மைதான். ஆனால் நடுவில் வரும் பெரிய உறுப்பு 3.3 பெருக்கல் பத்தின் அடுக்கு 19. இறுதி விடையோ 0.0558. கணினியின் வழக்கமான மிதவைப்புள்ளி எண்கள், அந்தப் பெரிய உறுப்பின் அருகே, ஒன்றுக்கும் அடுத்ததற்கும் 4096 இடைவெளியில் உட்கார்ந்திருக்கின்றன. 4096 இடைவெளியுள்ள அளவுகோலால் 0.0558ஐ அளக்க முடியாது. விடையாக எந்த எண்ணும் வரலாம். கூடவே எந்த எச்சரிக்கையும் வராது.

எம்பிமேத் இங்கேதான் தன் வேலையைக் காட்டுகிறது. எத்தனை இலக்கத்தில் கணக்குப் போட வேண்டும் என்பதை நீங்களே சொல்லலாம். 'எம்பி.டிபிஎஸ் = 15' என்பது வழக்கமான நிலை; 15ஐ 50 ஆக்கினால் ஐம்பது இலக்கம், 1000 ஆக்கினால் ஆயிரம். பெசல் சார்பைக் கேட்டால், தொடரின் உறுப்புகள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு எத்தனை இலக்கம் போகிறது என்று உள்ளுக்குள் கண்காணித்து, போகும் அளவுக்குத் தன் துல்லியத்தைத் தானே கூட்டிக்கொள்கிறது. மேலே சொன்ன 50க்கு 15 இலக்கம் வேண்டுமென்றால் உள்ளே சுமார் 36 இலக்கத்தில் கூட்டியாக வேண்டும். அதை நாம் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. எக்ஸ் இன்னும் பெரிதானால் அடுக்குத் தொடரைக் கைவிட்டு, பெரிய எக்ஸுக்குப் பயன்படும், ஒருங்காத விரியும் தொடருக்கு மாறிக்கொள்ளும்.

அந்த விரியும் தொடருக்குப் பின்னால் ஒரு வரலாறு உண்டு. வானவில்லின் உட்புறத்தில் தெரியும் மெல்லிய பட்டைகளை விளக்க 1838இல் ஜார்ஜ் ஏரி ஒரு தொகையீட்டை எழுதினார். சார்பின் இரண்டாம் வகைக்கெழு, எக்ஸை அந்தச் சார்பால் பெருக்கினால் வருவதற்குச் சமம் என்ற சின்னச் சமன்பாட்டின் தீர்வுதான் அது. சோதனையில் பட்டைகளுக்கு இடையே 30 கருவரிகள் (இருண்ட கோடுகள்) அளக்கப்பட்டிருந்தன. ஏரி தொடரைக் கொண்டு கையால் கணக்கிட்டதில் இரண்டாவது கருவரிக்கு மேல் போக முடியவில்லை. 1850இல் ஸ்டோக்ஸ், ஒருங்காத ஒரு தொடரைச் சரியான இடத்தில் நிறுத்திப் பயன்படுத்தினால் விடை மிக அருகில் கிடைக்கும் என்று காட்டி, ஐம்பது கருவரிகளின் இடங்களைக் கணக்கிட்டுவிட்டார். ஒருங்கும் தொடர் கைவிட்ட இடத்தில் விரியும் தொடர் காப்பாற்றியது. முதல் கருவரிக்குரிய புள்ளி, அதாவது சார்பு முதலில் பூஜ்ஜியமாகும் இடம், கழித்தல் 2.338107410459767. எம்பிமேத்தில் 'ஏரியைசீரோ(1)' என்று கேட்டால் வரும் எண் இதுதான். ஐம்பதாவதைக் கேட்டாலும் தயங்காமல் தரும்.

என் வகுப்பில் இந்த நூலகம் உள்ளே வந்ததற்கு மிருதங்கம் காரணம். சீரான வட்டத் தோலின் அதிர்வெண்கள் பெசல் சார்புகள் பூஜ்ஜியமாகும் புள்ளிகளின் விகிதத்தில் இருக்கும்: 2.4048, 3.8317, 5.1356, 5.5201. முதலாவதை 1 என்று வைத்தால் 1, 1.593, 2.136, 2.295. இதில் சுருதி ஏது? சாதாரணப் பறைக்கு நிலையான சுரம் கேட்காமல் போவது இதனால்தான். மிருதங்கத்தின் வலது முகமான வலந்தலையில் கரணை என்ற கருஞ்சாந்து ஏறியவுடன் இந்த விகிதங்கள் முழு எண்களை நோக்கி நகர்கின்றன. சி. வி. ராமன் 1920இலும் பிறகு 1934இலும் இதை ஆராய்ந்து எழுதினார். தோலின் முதல் ஒன்பது அதிர்வு முறைகள் ஐந்து இசைவுச் சுரங்களாகத் திரண்டு நிற்பதைக் கண்டவர் அவர். 1954இல் ராமகிருஷ்ணாவும் சோந்தியும் அதைக் கணக்காக்கினார்கள்: நடுவில் கனமான வட்டம், சுற்றிலும் லேசான வளையம்.

அந்த மாதிரியை எங்கள் மாணவர்கள் செய்முறையாகச் செய்கிறார்கள். நடுவட்டத்தில் முதல் வகைப் பெசல் சார்பு மட்டும். வளையத்தில் முதல் வகையும் இரண்டாம் வகையும். இரண்டும் சந்திக்கும் வட்டத்தில் உயரமும் சரிவும் பொருந்த வேண்டும், விளிம்பில் உயரம் பூஜ்ஜியமாக வேண்டும். நிபந்தனைகளை எல்லாம் ஓர் அணிக்கோவையாக எழுதி, அது எங்கே பூஜ்ஜியமாகிறது என்று தேட வேண்டும். வரிசை கூடும்போது அணிக்கோவையில் ஒரு பக்கம் மிகச் சிறிய எண்ணும் மறுபக்கம் கோடிகளில் எண்ணும் வந்து நிற்கும். சரிவுக்காகத் தனியாக வகைக்கெழு எடுக்கத் தேவையில்லை; பெசல் சார்பை அழைக்கும்போதே 'டெரிவேட்டிவ்=1' என்று சேர்த்துவிட்டால் போதும். 'ஃபைண்ட்ரூட்' மூலத்தைத் தேடித் தரும். கிடைத்த அதிர்வெண்ணை 15 இலக்கத்தில் ஒரு முறை, 40 இலக்கத்தில் ஒரு முறை கேட்கச் சொல்வேன். இரண்டிலும் ஒத்துப்போகும் இலக்கங்களை மட்டும் குறிப்பேட்டில் எழுத வேண்டும். இந்த ஒரு பழக்கத்துக்காகவே நான் இந்த நூலகத்தை யாரிடமும் சிபாரிசு செய்வேன். வேறு எதிலும் இது இத்தனை எளிதாக இல்லை.

ஆவணம் பற்றிச் சொல்லாமல் போனால் அநியாயம். ஒவ்வொரு சார்புக்கும் அதன் வகைக்கெழுச் சமன்பாடு, வரைபடம், எல்லா முனைகளிலும் சோதித்த எடுத்துக்காட்டுகள், மற்றச் சார்புகளோடு அதற்குள்ள உறவு என்று பாடநூல் தரத்தில் எழுதியிருக்கிறார்கள். விட்டேக்கர் சார்பு, கூலூம் அலைச் சார்பு, மெய்யரின் ஜி சார்பு எல்லாம் உண்டு. கலப்பெண் கொடுத்தாலும் விடை வரும்.

குறைகளுக்கு வருகிறேன். முதலாவது வேகம். லட்சக்கணக்கான புள்ளிகளில் மதிப்பு வேண்டும், வரைபடம் போட வேண்டும், படத்தைச் செயலாக்க வேண்டும் என்றால் இதைத் தொடாதீர்கள். ஒவ்வொரு எண்ணையும் தனித்தனியாகப் பைத்தானில் கணக்கிடுவதால் காத்திருப்பு நீளும். பெரிய எண்களை வேகமாகக் கணக்கிடும் 'ஜிஎம்பிவை2' நிறுவினால் அதைத் தானே கண்டுபிடித்துப் பயன்படுத்திக்கொள்ளும்; இலக்கம் நிறையக் கேட்கும்போது வித்தியாசம் நன்றாகவே தெரியும். ஆனாலும் பெருந்திரளான எண்களுக்குச் சைபை என்ற அறிவியல் கணக்கு நூலகம்தான். சைபையில் பெசல் போன்ற சிறப்புச் சார்புகளுக்குப் பின்னால் மோஷியரின் செஃபிஸ் நூலகம், சாண்டியா ஆய்வகத்தில் டொனால்ட் அமோஸ் எழுதி 1986இல் வெளிவந்த பெசல் நிரல், ஜாங், ஜின் இருவருடைய நிரல்கள் எனப் பல தலைமுறை உழைப்பு இருக்கிறது. பழைய ஃபோர்ட்ரான் நிரல்களை அண்மை ஆண்டுகளில் சி++ மொழிக்கு மாற்றி எழுதியிருக்கிறார்கள். வேகத்துக்குச் சைபை, சரிபார்ப்புக்கு எம்பிமேத் என்பதே என் ஏற்பாடு: லட்சம் புள்ளிகளை அங்கே போட்டு, அதில் சிலவற்றை, குறிப்பாக விளிம்பில் இருப்பவற்றை, இங்கே சோதிப்பது.

இரண்டாவது, எழுதிக் கொடுத்த உத்தரவாதம் எதுவும் இதில் இல்லை. உள்ளே நடக்கும் துல்லியக் கண்காணிப்பு அனுபவ விதிகளால் ஆனது, நிரூபிக்கப்பட்டதல்ல. அளவுருக்கள் மிகப் பெரிதானால் நீண்ட நேரம் முயன்றுவிட்டு, ஒருங்கவில்லை என்று பிழைச்செய்தி தரும். பொய்யான எண்ணைத் தருவதைவிட இது ஆயிரம் மடங்கு மேல். நிரூபணமே வேண்டும் என்பவர்களுக்கு அதே யோஹான்சன் ஆர்ப் என்ற நூலகத்தை எழுதினார்; 2023இல் அது ஃப்ளின்ட் என்ற நூலகத்தோடு இணைந்துவிட்டது. அதில் ஒவ்வொரு விடையும் ஒரு மைய எண்ணும் ஒரு பிழை எல்லையுமாக வரும். உண்மை அந்த எல்லைக்குள்தான் இருக்கிறது என்பது உறுதி. வேகமும் அதிகம். பைத்தானிலிருந்து அழைக்கப் 'பைத்தான்-ஃப்ளின்ட்' இருக்கிறது. ஆராய்ச்சிக் கட்டுரை எழுதுபவர்கள் அங்கே போகலாம். முதன்முதலில் கற்பவர்களுக்கு எம்பிமேத்தே இதமானது.

மூன்றாவதைக் குறை என்று சொல்ல மாட்டேன். பழகிக்கொள்ள வேண்டிய வழக்கங்கள். ஐம்பது இலக்கம் கேட்டுவிட்டு உள்ளீட்டை வெறுமனே 0.1 என்று எழுதினால், பைத்தான் அதை முன்பே பதினாறு இலக்கத்துக்குச் சுருக்கிவிட்டிருக்கும். எம்பிமேத்துக்குப் போய்ச் சேர்வது 0.1000000000000000055511151231257827 என்று நீளும் எண். மேற்கோள் குறிக்குள் '0.1' என்று கொடுக்க வேண்டும். ஐம்பது இலக்கமும் அச்சாகி அழகாக நிற்பதால் இந்தப் பிழை கண்ணில் படாது. அதேபோல், ஊசலின் அலைவுநேரத்தில் வரும் நீள்வட்டத் தொகையீட்டுக்குப் பாடநூல்களில் உள்ள கே என்ற அளவுரு அல்ல, கேயின் வர்க்கத்தைக் கொடுக்க வேண்டும். ஊசலைத் தொண்ணூறு பாகை விலக்கி விட்டால் கொடுக்க வேண்டியது 0.5, தொகையீடு 1.854074677301372, அலைவுநேரம் சிறிய அலைவுக்குரியதைப் போல் 1.1803 மடங்கு. இந்த ஒரு கணக்கைச் செய்து பார்த்துவிட்டால் வழக்கம் மனத்தில் பதிந்துவிடும்.

'ஓடிஇஃபன்' என்ற இன்னொரு வசதியை அதிகம் பேர் தொடுவதில்லை. வகைக்கெழுச் சமன்பாட்டையே கொடுத்தால் டெய்லர் தொடரைக் கொண்டு தீர்த்துத் தரும். ஏரி சமன்பாட்டை 0இல் தொடங்கி 10 வரை இதில் ஓட்டிப் பாருங்கள். தொடக்க மதிப்புகள் 0.355028053887817, கழித்தல் 0.258819403792807. பத்தில் உண்மையான விடை 1.10475 பெருக்கல் பத்தின் அடுக்கு கழித்தல் 10. ஆனால் அங்கே மற்றொரு தீர்வு 45 கோடிக்கு வளர்ந்திருக்கும். தொடக்கத்தில் வெட்டிய துணுக்கு அதன் மேல் ஏறிக்கொண்டு வந்து உண்மையான விடையை மூழ்கடித்துவிடும். அதே தொடக்க மதிப்புகளை 40 இலக்கத்தில் கொடுங்கள். சரியான விடை வந்து நிற்கும். கணிப்பானில் பார்த்த வரிசை ஏறும் கணக்கும் இதுவும் ஒரே நோய் என்று மாணவர்கள் தாங்களே கண்டுகொள்வார்கள்.

கடைசியாக, இதில் இல்லாதவை. ஹூன் சார்புகள் இல்லை. பணம் கொடுத்து வாங்கும் மேப்பிளிலும் மேத்தமேட்டிகாவிலும் அவை உண்டு. மாத்யூ சார்புகளும் இல்லை. நீள்வட்டத் தோலின் அதிர்வுக்கு 1868இல் மாத்யூ கண்ட சமன்பாட்டின் தீர்வுகள் அவை. வட்டமான தோலை முடித்த மாணவர்கள் அடுத்துக் கேட்பது அதைத்தான். சைபையில் இருக்கிறது. ஆனால் அங்கே கோணத்தை ரேடியனில் அல்ல, பாகையில் கொடுக்க வேண்டும். சைபை தரும் சிறப்பு மதிப்பையும் தொடக்க மதிப்பையும் எடுத்துக்கொண்டு, சமன்பாட்டை 'ஓடிஇஃபன்' மூலம் ரேடியனில் ஓட்டி, இரண்டு விடைகளும் எத்தனை இலக்கம் ஒத்துப்போகின்றன என்று பாருங்கள். ஒரே ஒரு புள்ளியில் பார்த்தால் போதாது. பூஜ்ஜியத்துக்கு அருகில் ஒன்று, தொண்ணூறு பாகைக்கு அருகில் ஒன்று என்று இரண்டிலாவது பாருங்கள்.